கல்லில் உட்கார்ந்த பிணம்

ஷிமென் செத்துப் போயிருந்தான்.

படுத்துச் சாகவில்லை. உட்கார்ந்தபடி செத்திருந்தான்.

அதுவும் எங்கே?... கார்ன்வால்ட் நாட்டின் பட்டமேற்புக் கல்லின் மேல்! புதுப் பிரபுவுக்கு நாட்டைக் கொடுக்க வேண்டிய அதே கல்லில்... கொடுக்க வேண்டிய அதே நாள் காலையில்!

முதலில் பார்த்தவள் பால் கறக்கப் போன ஒரு பெண். அவள் போட்ட அலறலில், கோட்டை மதிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த காவலர்கள் எல்லாம் 'நாங்கள் தூங்கவில்லை' என்று சொல்லிக்கொண்டே எழுந்தார்கள்.

தளபதி வுல்ஃபிங் வந்து குதிரையை விட்டு இறங்கினார். இறங்கும்போது முழங்கால் வலித்தது. தொந்தி இடித்தது. வாய் ஒரு கெட்ட வார்த்தையைச் சொன்னது. ஐம்பது வயதுக்கு மேல் அவர் உடம்பில் உருப்படியாக வேலை செய்தது அந்த வாய் மட்டும்தான்.

பிணத்தைப் பார்த்தார்.

கழுத்தைச் சுற்றி நீலமாய் ஒரு தடம். கயிறு. பின்னாலிருந்து போட்டு இறுக்கியிருக்கிறான் எவனோ. கண்கள் திறந்திருந்தன. தலையில் தொப்பி இல்லை. வலது கை இறுக மூடியிருந்தது.

வுல்ஃபிங் அந்த விரல்களைக் கஷ்டப்பட்டுப் பிரித்தார்.

உள்ளே... ஒரு கொத்து ரோமம்.

கருநரி ரோமம்!

கூட்டம் 'ஸ்ஸ்' என்று மூச்சை இழுத்தது. ஏனென்றால் கார்ன்வால்ட்டில் கருநரித் தோல் மேலங்கி போடுகிறவர் ஒரே ஒருவர்தான். ஓர்ட்டால்ஃப் பிரபு. செத்துப்போன மன்னருக்குக் கூடப் பிறந்த தம்பி. இன்றைக்குக் கல்லின் முன் வந்து நிற்கப் போகும் இரண்டு பேரில் ஒருவர்.

வுல்ஃபிங் ரோமத்தை மடியில் முடிந்துகொண்டார்.

அவருக்கு வருத்தமாக இருந்தது. கூடவே கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக வெட்கமாகவும் இருந்தது.

மற்ற நாடுகளில் ராஜா ஆக வேண்டுமென்றால் கத்தி வேண்டும், படை வேண்டும், அண்ணன் தம்பியைத் தீர்த்துக்கட்டும் மனசு வேண்டும். கார்ன்வால்ட்டில் இதெல்லாம் இருந்தாலும் போதாது. ஒரு குடியானவனிடம் கன்னத்தில் அறை வாங்க வேண்டும்!

ஷிமென் வீட்டுக்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக அந்த உரிமை. அந்த வீட்டு ஆள் கல்லில் உட்கார்ந்திருப்பான். நாடு வேண்டும் என்பவன் குடியானவன் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கையில் எருதையும் மறு கையில் குதிரையையும் பிடித்துக்கொண்டு வந்து நிற்க வேண்டும். கல்லில் இருப்பவன் கேள்வி கேட்பான். வந்தவன் பதில் சொல்வான். பதில் பிடித்தால் ஒரு அறை விட்டுவிட்டு எழுந்து இடம் கொடுப்பான். பிடிக்காவிட்டால் எழமாட்டான். எழும்வரை நாடு அவனுடையது. அவன் சொன்னதுதான் சட்டம். எந்தப் பிரபுவும் வாயைத் திறக்க முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கேள்விகள் மலைப் பாஷையில் வரும். பிரபுக்களுக்கோ அந்தப் பாஷையில் ஒரு எழவும் தெரியாது. தெரிந்துகொண்டால் கௌரவக் குறைச்சல். வுல்ஃபிங்குக்கு மட்டும் தெரியும், அம்மா மலைக்காரி என்பதால். ஆகவே இரண்டு வாரிசுகளுக்கும் பதிலை உருப்போட வைத்தவர் அவர்தான்.

எந்தக் கேள்விக்கும் ஒரே பதில். 'ஆமாம், சத்தியமா.'

அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிக் கொடுப்பதற்குள் அவருக்கு இருந்த கொஞ்சநஞ்ச முடியும் கொட்டிவிட்டது.

ஓர்ட்டால்ஃப் காலைச் சாப்பாட்டில் இருந்தார். அதாவது ஒரு முழு வாத்தின் முன்னால் இருந்தார்.

"பிரபு, உங்க கருநரி அங்கி எங்க?" என்றார் வுல்ஃபிங்.

"அதைத்தான்யா நானும் தேடிக்கிட்டு இருக்கேன். நேத்து சாயங்காலம் லாயத்துல கழட்டி மாட்டினேன். திரும்பி வந்து பார்த்தா காணோம். எவனோ ஆட்டையைப் போட்டுட்டான்."

"ஷிமென் செத்துட்டான். கையில அந்த ரோமம் இருந்துச்சு."

ஓர்ட்டால்ஃப் வாத்துக் காலைத் தட்டில் வைத்தார். பாதி தின்ற எதையும் அவர் கீழே வைத்து வுல்ஃபிங் பார்த்ததில்லை.

"யோவ்... நான் ஒருத்தனைக் கொல்லப் போனா, ஊருக்கே தெரிஞ்ச அங்கியைப் போட்டுக்கிட்டா போவேன்? எனக்கும் அவனுக்கும் என்னய்யா சண்டை? அவன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசினது கிடையாது. பேசவும் தெரியாது."

"நீங்க போகலைன்னா யார் போனது?"

"அது உன் வேலை. என் வேலை இது," என்று வாத்தை மறுபடி எடுத்துக்கொண்டார்.

வுல்ஃபிங் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். கைது செய்ய முடியாது. வாரிசு என்று பெயர் கொடுத்தவனைக் கல்லின் முன் நின்று பதில் சொல்லி முடிக்கும்வரை யாரும் தொடக்கூடாது. அதுதான் வழக்கம். பதில் சொல்லி ஜெயித்துவிட்டால் அப்புறம் எங்கே தொடுவது? அவர்தான் நாடு, அவர்தான் நீதி, அவர்தான் தூக்குமரம். முதலில் தொங்கப் போவது தளபதிதான்!

ஆனால் வுல்ஃபிங்கை உறுத்தியது சொந்தக் கழுத்து இல்லை. போன மாதம் காய்ச்சலில் போன மன்னர் ஹாட்மர் கடைசியாகப் பிடித்தது மனைவியின் கையை இல்லை, வுல்ஃபிங்கின் கையை. என் மகனைக் கல்லில் உட்கார வைத்துவிடு என்று கேட்டார். வுல்ஃபிங் சரி என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் இப்போது நெஞ்சில் உட்கார்ந்து அழுத்தியது.

மகன் ரைன்பெர்ட் கோட்டைச் சிற்றாலயத்தில் முழங்காலிட்டிருந்தான். இருபது வயதுகூட ஆகவில்லை. அப்பனின் மூக்கு, அம்மாவின் கண். குதிரை ஏறக் கற்றுக் கொடுத்ததும் வுல்ஃபிங்தான், விழுந்தபோது தூக்கியதும் அவர்தான். கல்யாணமே செய்துகொள்ளாத அவருக்கு இவன்தான் பிள்ளை.

"மாமா... சித்தப்பாவா இப்படி?" கண் சிவந்திருந்தது.

"அப்படித்தான் தெரியுது, தம்பி."

"இனி கல்லுல யாரு உட்காருவா? ஷிமெனுக்குப் பையன் இல்லையே. இன்னிக்கு நடக்காம போயிடுமா?"

"உரிமை ஆளுக்கு இல்ல, வீட்டுக்கு. பொண்டாட்டி உட்காருவா. நேஷா."

ரைன்பெர்ட் நிம்மதியாக மூச்சுவிட்டான். பாவம், பையன் நாட்டை நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறான் என்று வுல்ஃபிங்குக்கு மனசு இளகியது. பதில் ஞாபகமிருக்கிறதா என்று கேட்டார். பையன் சொன்னான். வழக்கம்போல உளறினான். மலைப் பாஷையின் அந்த இரண்டு வார்த்தைகூட அவன் வாயில் வழுக்கி வழுக்கி விழுந்தது. சித்தப்பனாவது சோறு மெல்லுவது போல மென்று சொல்லிவிடுவார்.

"பரவாயில்ல, தம்பி. சத்தமா சொல்லு, போதும்."

அடுத்து நேஷாவின் வீடு.

அவள் அழவில்லை. அடுப்பருகே உட்கார்ந்து கணவனின் காலணியில் அப்பியிருந்த மண்ணைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அகலமான பெண். அகலமான முகம். அதில் எதையும் படிக்க முடியவில்லை. ராத்திரி என்ன நடந்தது என்று வுல்ஃபிங் கேட்டார். வெளியே போனார், வரவில்லை என்று மட்டும் சொன்னாள். வேறு ஏதாவது தெரியுமா என்றார். அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தெரிந்தால் சொல்கிறேன் என்றாள்.

அப்புறம் அவள் கேட்டாள்.

"கல்லுல உட்கார்ந்தா நான் எதை வேணாலும் கேட்கலாமா?"

"கேட்கலாம்மா."

"அவங்க என்ன பதில் சொல்லுவாங்க?"

"என்ன கேட்டாலும் 'ஆமாம், சத்தியமா'ன்னுதான். அதுக்கு மேல நம்ம பாஷையில ஒரு வார்த்தை தெரியாது."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்குமே. சொல்லிக் கொடுத்தவன் நான்தானே."

சொல்லி முடித்ததும்தான் வுல்ஃபிங்கின் மூளையில் விளக்கு எரிந்தது. அடடா! எந்தக் கேள்விக்கும் ஆமாம்! மூத்தவர் என்பதால் ஓர்ட்டால்ஃப்தான் முதலில் வருவார். 'என் புருஷனைக் கொன்றது நீதானே' என்று இவள் மலைப் பாஷையில் கேட்டால்... ஊரே கேட்க, கல்லின் முன்னால், அந்தத் தின்னிப் பண்டாரம் தன் வாயாலேயே...

நேஷாவும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. ரைன்பெர்ட் வரும்போது மட்டும் வழக்கமான கேள்வியைக் கேளுங்கள் என்று சொல்லி வைத்தார். அவள் காலணியைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

வுல்ஃபிங் சீட்டியடித்துக்கொண்டு திரும்பினார்.

உச்சி வெயில்.

மலையிலிருந்த சனம் பூராவும் கல்லைச் சுற்றி நின்றது. திருச்சபை ஆயர் ஒருவர் பட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பெண்பிள்ளை கல்லில் உட்காருவது எந்த வேதத்தில் இருக்கிறது என்று முணுமுணுத்தார். எந்த வேதத்தில் கூடாதென்று இருக்கிறது என்று கூட்டத்தில் ஒரு கிழவன் கேட்டான். ஆயர் விருந்துக்கு நேரமாகிறதே என்று பேச்சை மாற்றினார்.

நேஷா கல்லில் ஏறி உட்கார்ந்தாள். கணவன் செத்த இடம். கொஞ்ச நேரம் உள்ளங்கையைக் கல்லில் வைத்திருந்தாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

ஓர்ட்டால்ஃப் வந்தார். குடியானவன் சட்டை அவருக்குப் பற்றவில்லை. எருது ஒரு பக்கம் இழுத்தது, குதிரை மறுபக்கம் இழுத்தது, நடுவில் தொந்தி அவரை முன்பக்கம் இழுத்தது.

நேஷா கணீரென்று மலைப் பாஷையில் கேட்டாள்.

"என் புருஷனைக் கொன்னது நீதானே?"

ஓர்ட்டால்ஃப் நெஞ்சை நிமிர்த்தினார். கம்பீரமாகச் சொன்னார்.

"ஆமாம், சத்தியமா!"

கூட்டம் கொந்தளித்தது! கல் எடுத்தார்கள், கம்பு எடுத்தார்கள். ஓர்ட்டால்ஃப் தமக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள் என்று நினைத்து நாலு பக்கமும் தலையைத் தலையை ஆட்டினார். வுல்ஃபிங்கின் ஆட்கள் பாய்ந்து அவர் கையைக் கட்டியபோதுதான் அவருக்கு ஏதோ தப்பு என்று உறைத்தது. என்ன தப்பு என்று உறைக்கவில்லை.

வுல்ஃபிங்குக்கு வானத்தில் மிதப்பது போல இருந்தது. வழி சுத்தம். இனி பையன் வர வேண்டியது, வழக்கமான கேள்வி, ஒரு அறை, முடிந்தது!

ரைன்பெர்ட் வந்தான். அந்தச் சட்டை அவனுக்குத் தைத்தாற்போல் இருந்தது. பெண்கள் பெருமூச்சு விட்டார்கள்.

நேஷா அவனை உற்றுப் பார்த்தாள்.

"என் புருஷனைக் கொன்னது நீதானே?"

வுல்ஃபிங் பதறினார். பாவி மகளே! அதே கேள்வி! பையன் ஒன்றும் புரியாமல் ஆமாம் என்று சொல்லப்போகிறான்... இரண்டு பேரும் தொலைந்தார்கள்... நாடும் தொலைந்தது...

'வாயை மூடு, தம்பி' என்று கத்தப் போனார்.

அதற்குள் ரைன்பெர்ட் பேசிவிட்டான்.

"இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் எனக்கு அப்பா மாதிரி. அவர் மேல என் நிழல்கூடப் பட்டதில்ல."

மலைப் பாஷையில்!

உளறல் இல்லை. திக்கல் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்து ஆடு மேய்த்தவன் பேசுவது போல, அத்தனை சுத்தமாக!

 அப்புறம் கூட்டம் வெடித்தது. நம்ம பாஷை பேசுற பிரபு! தொப்பிகள் வானத்தில் பறந்தன. கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வுல்ஃபிங்கும் துடைத்துக்கொண்டார். கள்ளப் பயல், எல்லோரையும் அசத்துவதற்காக ஒளித்து வைத்திருக்கிறான்!

நேஷா எழவில்லை.

"நல்லாப் பேசுறீங்களே, தம்பி. எங்க கத்துக்கிட்டீங்க?"

"உங்க ஊர் மதுக்கடையிலதான். வேஷம் போட்டுக்கிட்டு வந்து உட்காருவேன். யாருக்கும் தெரியாது."

கூட்டம் ஆசையாகச் சிரித்தது.

"நேத்து ராத்திரியும் வந்தீங்களா?"

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

நேஷா குரலை உயர்த்தவில்லை. எல்லோருக்கும் கேட்டது.

"நேத்து ராத்திரி என் வீட்டுக் கதவுக்கு வெளிய ஒரு குரல் கேட்டுச்சு. 'ஷிமென், கல்லுகிட்ட கொஞ்சம் வா'ன்னு. நம்ம பாஷையில. என் புருஷன் தொப்பியைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வெளிய போனாரு. எந்தக் குளிர்லயும் தொப்பி இல்லாம போகாத ஆளு. பிரபு முன்னால நிக்கணும்னா மட்டும்தான் கழட்டுவாரு."

நேஷா ரைன்பெர்ட்டின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நம்ம பாஷை பேசுற பிரபு யாருன்னு விடிஞ்சதுல இருந்து யோசிக்கிறேன். அப்படி யாருமே இல்லன்னு தளபதி சொன்னாரு. அதான் கேட்டுப் பார்த்தேன். பெரியவருக்கு ஒண்ணும் புரியல, ஆமாம்னுட்டாரு. அவர் இல்ல. உங்களுக்குப் புரிஞ்சுது, தம்பி."

ரைன்பெர்ட் சுற்றும் முற்றும் பார்த்தான். அந்தப் பார்வை வுல்ஃபிங்கிடம் வந்து நின்றது. வுல்ஃபிங் தன்னையும் அறியாமல் ஒரு அடி முன்னால் வைத்தார், பையன் விழுந்தால் தூக்குவதற்கு.

ரைன்பெர்ட் அவரை நோக்கி விரலை நீட்டினான்.

"மாமாவும்தான் பேசுவாரு! அவர் போயிருக்கலாமே? அவரைக் கேளுங்க!"

 ஊரே வுல்ஃபிங்கைத் திரும்பிப் பார்த்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தார். எப்போதும் வேலை செய்யும் அந்த வாய் அன்றைக்கு முதல் தடவையாக வேலை செய்யவில்லை.

நேஷாதான் சொன்னாள்.

"தளபதி நம்ம பாஷை பேசினா எருமை இருமுற மாதிரி இருக்கும். அவர் வந்து கூப்பிட்டிருந்தா என் புருஷன் தொப்பியைக் கழட்டியிருக்க மாட்டாரு. கம்பைத்தான் எடுத்திருப்பாரு."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்புதான் ரைன்பெர்ட்டை உடைத்தது. முன்னால் பாய்ந்தான்.

"எனக்கு எழமாட்டேன்னு சொன்னான்! கெஞ்சினேன். போன வருஷம் வேட்டைக்கு வந்து உங்க கோதுமையை மிதிச்சேனாம்... உன் காலால மிதிச்ச நெலத்துக்கு உன்னை ராஜா ஆக்க மாட்டேன்னான். என் அப்பன் நாடு அது. எனக்குத் தர இவன் யாரு, ஒரு மாட்டுக்காரன்? சித்தப்பன் அங்கியைப் போட்டுக்கிட்டு, ஒரே கயித்துல ரெண்டு பேரையும் முடிச்சேன்!"

இதையும் மலைப் பாஷையில்தான் சொன்னான். கூட்டத்தில் யாருக்கும் யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அவன் கையைக் காவலர்கள் கட்ட வந்தார்கள். வுல்ஃபிங் அவர்களை விலக்கிவிட்டுத் தாமே கட்டினார். கடிவாளம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த கை. முடிச்சு சரியாக விழவில்லை, கண் மறைத்தது. மகனைக் கல்லில் உட்கார வைக்கிறேன் என்று செத்தவருக்குக் கொடுத்த வாக்கு அந்த முடிச்சோடு போயிற்று. அவர் வெட்கப்படாமல் அழுதார். பையன் ஒரு தடவைகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இழுத்துப் போனார்கள்.

சரி... நாடு?

கல்லில் இன்னும் நேஷா. எதிரே வாரிசு என்று மிச்சமிருந்தது ஒருவர்தான். கை கட்டப்பட்டு, எருதுக்கும் குதிரைக்கும் நடுவில், மூன்றாவது உருப்படியாக நின்றுகொண்டிருந்தார் அவர்.

"என்னய்யா நடக்குது இங்க?" என்றார் ஓர்ட்டால்ஃப் பரிதாபமாக. "சாப்பாடு இருக்கா, இல்லையா?"

அவிழ்த்துவிடச் சொன்னாள் நேஷா. ஆயர் குறுக்கே வந்தார். இவர்தான் கொலை செய்ததாகச் சத்தியம் பண்ணியிருக்கிறாரே என்றார். புரியாமல் சொன்ன கொலை செல்லாது என்றாள் நேஷா. கல்லில் உட்கார்ந்திருப்பவள் சொல்வது சட்டம். ஆயர் உட்கார்ந்தார்.

நேஷா ஓர்ட்டால்ஃபைக் கிட்டே கூப்பிட்டாள். தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கொலைகாரன் இல்லை, கெட்டவன் இல்லை, தின்பான், தூங்குவான். இருக்கிற பிரபுக்களில் இதுவே பெரிய விஷயம் என்று முடிவுகட்டியது போல் தலையசைத்துவிட்டு மலைப் பாஷையில் ஆரம்பித்தாள்.

"இனிமே வேட்டைன்னு சொல்லி எந்தக் குதிரையும் எங்க வயல்ல கால் வெக்காது. சரியா?"

"ஆமாம், சத்தியமா!"

"இந்தப் பள்ளத்தாக்குக்கு உன் காலம் முழுக்க வரி கிடையாது. சரியா?"

"ஆமாம், சத்தியமா!"

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. சில பேர் குனிந்துகொண்டார்கள். வுல்ஃபிங்குக்கு அழுகையின் நடுவிலேயே இருமல் வந்தது.

"என் புருஷன் இல்லாம உழவு நின்னு போச்சு. வசந்தத்துல ஏர் ஓட்ட உன் தளபதியை அனுப்பு."

வுல்ஃபிங் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"ஆமாம், சத்தியமா!" என்றார் ஓர்ட்டால்ஃப். மூன்றிலும் இதைத்தான் மிகக் கம்பீரமாகச் சொன்னார்.

புரியாமல் சொன்ன கொலை செல்லாது, புரியாமல் சொன்ன வரிவிலக்கு மட்டும் எப்படிச் செல்லும் என்று யாரும் கேட்கவில்லை. ஆயர்கூடக் கேட்கவில்லை. அவருக்குப் பசி.

நேஷா கையை ஓங்கி ஒரு அறை விட்டாள். வழக்கப்படி அது தட்டுவது போல் இருந்தால் போதும். அன்றைய துக்கம் முழுவதும் அந்தக் கையில் இருந்தது. சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பியது.

அப்புறம் எழுந்தாள். கல்லை விட்டு எழுபவருக்குச் சேர வேண்டிய எருதையும் குதிரையையும் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது.

கார்ன்வால்ட்டின் புதிய மன்னர் கல்லில் உட்கார்ந்தார். வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே தளபதியைக் காதுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"யோவ் வுல்ஃபிங்... கடைசியில அந்தம்மா என்னமோ நீட்டி நீட்டிக் கேட்டாளே, என்னய்யா அது?"

வுல்ஃபிங் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க, பிரபு."